ஆணி இறங்காத சுவர்

2023 நவராத்திரி தொடங்குவதற்கு முதல் நாள் பின்னேரம். தரம் 4 வகுப்பில் ஒரு சரஸ்வதி படம் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மிஸ் ஒருவர் கதிரையில் ஏறி நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது தெறித்துப்போய் மேசைக்குக் கீழே விழுந்தது. ஒரு பொடியனைக் கடைக்கு அனுப்பிக் கொங்கிறீட் ஆணி வாங்கிவரச் செய்தார்கள். அது கொஞ்சம் இறங்குவதுபோல் பாவனை காட்டிவிட்டு, ஐந்து ரூபாய்க் குற்றியளவு சில்லைப் பெயர்த்துக்கொண்டு கீழே வந்தது. கடைசியில் படத்தை நூலால் ஜன்னல் கிறிலில் கட்டினார்கள். ஒன்பது நாளும் சரஸ்வதி வகுப்பைப் பார்க்கவில்லை, மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

பழைய மாணவர் சங்கத்தின் சார்பில் லைட் வயர் இழுக்க நான் அங்கே போயிருந்தேன். கதவடியில் நின்று முழுக் கூத்தையும் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெளியில் வார்த்துக் கொண்டுவந்த கொங்கிறீட் பெனல்களால் சுவர் நிறுத்திய அந்தப் புதுக் கட்டடம் வேண்டாம் என்று கூட்டத்தில் கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னன்" என்று அதிபரிடம் சொல்லவும் செய்தேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சந்தோஷத்தை ஒரு வருடத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது கையில் இல்லை. எப்படிப் போனது என்பதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில், கல்முனை வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும். மைதானத்தைத் தாண்டினால் சவுக்கு, அப்புறம் கடல்தான். இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன், இது யாரையும் மாட்டிவிட எழுதுகிற கதை இல்லை.

நாலு நாள்

முன்வார்ப்புக் கொங்கிறீட் பெனல் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. ஊரில் ரெடிமேட் சுவர் என்றார்கள், பிள்ளைகள் பலகை என்றார்கள். ஒவ்வொரு பெனலும் 1.2 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம், நாலு அங்குலத் தடிப்பு. உள்ளே கம்பிவலை. ஜன்னல் வருகிற பெனலில் ஜன்னலுக்கான இடத்தையும் விட்டே வார்த்திருந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு முழுப் பெனல் 860 கிலோ வரும், பத்துத் தொன் ஏற்றுகிற லொறியில் பதினொன்றுக்கு மேல் ஏற்ற முடியாது. வெளிமாவட்டத்து முற்றம் ஒன்றில் வார்த்து, நனைத்து, காயவைத்து, லொறி லொறியாகக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் லொறி கிறுகுவதற்கு ஒரு வீட்டு வேலிக் கதிகாலை வெட்ட வேண்டியிருந்தது. இதுவே வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் என்றால் என்ன செய்திருப்பார்கள் என்று அன்றைக்கு யோசித்தேன். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கிற பாதையில் (மிதவையில்) ஏற்ற முடியாது. மண்முனைப் பாலத்தாலோ பட்டிருப்புப் பாலத்தாலோ சுற்றிப் போய், அதற்குப் பிறகு வயல் வீதியில் அந்தப் பாரத்தையும் கிரேனையும் இறக்க வேண்டும். பெனல் என்று பேச்செடுத்தால் முதலில் வீதியைத்தான் பார்க்க வேண்டும்.

அத்திவாரமும் அடிவளையும் எல்லாக் கட்டடத்தையும்போலத்தான், அதில் புதினம் இல்லை. புதினம் அதற்கு மேல்தான். கிரேன் ஒரு பெனலைத் தூக்கும், இரண்டு பேர் பிடித்துக் கிறுக்கி இறக்குவார்கள், முட்டுக் கொடுப்பார்கள், தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்ப்பார்கள், அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியைச் சுற்றிக் கலவையை ஊற்றுவார்கள், மேலே இரும்புத் தகட்டோடு தகட்டை வெல்டிங் பிடிப்பார்கள். அடுத்தது. நூறுக்கு இருபது அடிக் கட்டடத்தின் சுவர் முழுக்க நாலு நாளில் நின்றுவிட்டது. பூச்சு வேலை இல்லை, நேரே பெயின்ற்.

அப்பா மேசன். ஐம்பது வருடம் கரண்டி பிடித்தவர், 78 சூறாவளிக்குப் பிறகு ஊரில் எழும்பிய வீடுகளில் பாதியில் அவர் கை இருக்கிறது என்று அவரே சொல்லுவார் (பாதி என்பது கொஞ்சம் கூட). நாலு நாளும் வேப்பமரத்தடியில் கதிரை போட்டு இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் பின்னேரம் என்னிடம் சொன்னார்: "மனே, இது சுவர் இல்ல, கதவு. கொண்டுவந்து நிப்பாட்டுறாங்க." இதில் கோபம் பாதி, கவலை பாதி. அந்த நாலு நாளும் எங்கள் ஊர் மேசன் ஒருவருக்கும் வேலை இல்லை. வந்தவர்கள் எட்டுப் பேர், எல்லோரும் வெளி ஆட்கள், ஊர்க்காரருக்குக் கிடைத்தது மண் நிரவுகிற வேலை. 2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு கட்டித் தருகிறோம் என்று ஒரு திட்டம் வந்ததே, அப்போதும் அப்பா இதையேதான் கேட்டார். கல் அரிகிறவன், மணல் ஏற்றுகிறவன், மேசன், கையாள், ஓடாவி, இவ்வளவு பேரின் அடுப்பும் அந்த வீட்டில் எங்கே எரியும் என்று. அது நியாயமான கேள்வி. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அதே வளவில் மற்றப் பக்கம் ஒரு கட்டடம் நிற்கிறது. கல் வைத்துக் கட்டத் தொடங்கிய மாடிக் கட்டடம். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு இருந்த சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரம் பக்கம் போனபோது கொந்தராத்துக்காரர் கையை விரித்துவிட்டார். கொலம் (தூண்) எழும்பி, கம்பி வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கம்பியில் துரு இறங்கி, மழை பெய்தால் கொலம் முழுக்கக் கசாயம் ஊற்றினதுபோல வடிகிறது. அதற்குள் படிக்க வேண்டிய பிள்ளைகள் தகரக் கொட்டிலில் படித்தார்கள். தகரக் கொட்டிலுக்குள் பங்குனி மாதத்தில் பதினொரு மணிக்கு ஒருதரம் போய் நின்று பார்த்துவிட்டு வந்துதான் யாரும் பெனல் வேண்டாம் என்று பேச வேண்டும். நான் போய் நிற்காமலே பேசினவன்.

காலை வெயில்

முதல் வருடம் எங்கள் பெரிய முறைப்பாடு சூடு. எனக்கு இது வாய்க்கு ருசியான முறைப்பாடு, ஏனென்றால் நாங்கள் படித்த பழைய மண்டபம் பக்கத்திலேயே இருக்கிறது, ஒப்பிட்டுப் பேச வசதி. அதுவும் நூறுக்கு இருபதுதான். ஆனால் மூன்றரை அடி அரைச்சுவர், அதற்கு மேல் ஓடு வரைக்கும் வெளி. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவரே கிடையாது, ஒரு தட்டி மறைப்பு, அதுவும் ஓட்டை. மூன்றாம் வகுப்பில் இருந்தபடியே நான் ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாட்டைப் பாடமாக்கினேன், சொந்த வகுப்பு வாய்ப்பாடுதான் பாடமாகவில்லை. கச்சான் வீசினால் ஒரு பக்கத்தால் வந்து மற்றப் பக்கத்தால் போகும். புழுதியையும் கொண்டுவரும், சரி, ஆனால் வேர்க்காது.

புதுக் கட்டடத்தில் முழுச்சுவர். அதன் நீளப் பக்கம் வீதியைப் பார்க்கட்டும் என்று வைத்ததால் ஒரு சுவர் நேரே கிழக்கைப் பார்க்கிறது. நாலு அங்குலக் கொங்கிறீட் வெளியில் வாங்குகிற வெயிலை உடனே உள்ளே விடாது, இரண்டு மூன்று மணித்தியாலம் பிடித்து வைத்துத்தான் விடும். மேற்குச் சுவர் என்றால் பயமில்லை, அது சூட்டை உள்ளே விடுகிற நேரம் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஒன்றரைக்கு மணி அடித்துவிடும். கிழக்குச் சுவர் அப்படியில்லை. ஆறரை மணியிலிருந்து வெயிலைக் குடித்துப் பத்து மணிக்குப் பிள்ளைகளின் முதுகில் துப்பும். அதாவது குற்றம் பெனலில் பாதி, திசையில் பாதி. கல்லால் கட்டி இரண்டு பக்கமும் பூசியிருந்தாலும், முழுச்சுவர் கிழக்கைப் பார்த்தால் இதே கதைதான், கொஞ்சம் பிந்தி வந்திருக்கும். தாழ்வாரத்தைக் கிழக்குப் பக்கம் இறக்கியிருந்தால் வெயிலே சுவரைத் தொட்டிருக்காது. தாழ்வாரம் மேற்கே இருக்கிறது, அங்கே சைக்கிள் விடுகிறார்கள்.

அரைச்சுவர்ப் பெனல் ஏன் செய்யக்கூடாது என்று அப்பாதான் கேட்டார். மூன்றரை அடி உயரத்துக்கு வார்த்தால் ஒன்று முன்னூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், கிரேன்கூடத் தேவையில்லை, முக்காலியும் சங்கிலிக் கப்பியும் போதும், ஊர்ப் பொடியன்களே நிப்பாட்டுவார்கள், காற்றும் வரும். கொம்பியூட்டர் அறைக்கும் ஆய்வுகூடத்துக்கும் முழுச்சுவர் போடுங்கள், நாலாம் வகுப்புப் பிள்ளையிடமிருந்து யார் எதைக் களவெடுக்கப் போகிறார்கள்? நல்ல கேள்விதான். ஆனால் கேட்டது கட்டடம் எழும்பின பிறகு. பெனலில் இதுதான் சிக்கல். கல் வைத்துக் கட்டும்போது பாதியில் வந்து "மேசன், இந்த ஜன்னல அங்கால தள்ளுங்க" என்று சொல்லலாம், இரண்டு வரிசைக் கல்லை உடைத்தால் முடிந்தது. எங்கள் ஊரில் எல்லாக் கட்டடமும் இப்படித்தான் கட்டப்படுகிறது, கட்டிக்கொண்டே யோசிக்கிறோம். பெனல் வருகிறபோது யோசித்து முடிந்திருக்க வேண்டும், சரஸ்வதி படம் எங்கே தொங்கும் என்பது வரைக்கும்.

நாங்கள் செய்த சிரமதானம்

2023 கார்த்திகையில் முதல் ஒழுக்கு. கிழக்குச் சுவரில் பெனலுக்கும் பெனலுக்கும் இடையில் பதினைந்து மில்லிமீற்றர் அளவில் ஒரு மூட்டு விட்டிருந்தார்கள், அதற்குள் சாம்பல் நிறத்தில் றப்பர் மாதிரி ஒரு சாமான். வாடைக்காற்று மழையை அந்தச் சுவரில்தான் அடிக்கும். தண்ணீர் மூட்டால் உள்ளே வந்து தரம் 4 பிள்ளைகளின் புத்தகப் பைகளை நனைத்தது. போய்ப் பார்த்தால் நாலடி உயரம் வரைக்கும் பல மூட்டுகளில் அந்த றப்பரே இல்லை. யார் எடுத்தது? வேறு யார். இடைவேளைக்கு வெளியே வருகிற பிள்ளைகள் அதை நகத்தால் நோண்டி, இழுத்து, உருட்டி, ஒருவருக்கு ஒருவர் எறிந்து விளையாடியிருக்கிறார்கள். இதைச் செய்யாத பிள்ளை பிள்ளையே இல்லை. நானாக இருந்தால் முதல் நாளே உரித்திருப்பேன். பள்ளிக்கூடத்துச் சுவர் என்றால் முன்னூறு பேரின் நகம் அதன்மேல் படும், கட்டடப் படத்தைக் கீறினவருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

எனக்கோ இது இன்னொரு வெற்றி. "சூயிங்கத்தால மூட்டு அடைச்சிருக்கானுகள்" என்று வட்ஸ்அப்பில் எழுதினேன். மாரி விட்டதும் தை மாதம் பழைய மாணவர் சங்கம் சிரமதானம் வைத்தது. மிச்சமிருந்த றப்பரையும் சுரண்டி எடுத்தோம், ஒன்றுக்கு மூன்று சீமெந்துக் கலவை, நல்ல ஆற்று மணல், கிழக்குச் சுவரின் 24 மூட்டையும் அடியிலிருந்து நுனி வரைக்கும் இறுக்கி அடைத்தோம். கலவை நான் போட்டது, அடைத்ததிலும் பாதி நான். மேலே பெயின்ற் அடித்துப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டோம். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் நூற்றுக்கணக்கில் கைதட்டு.

அப்பா அன்றைக்கு வரவில்லை. கால் நோ.

2024 கார்த்திகைக் கடைசி வாரத்து மழையை அம்பாறை, மட்டக்களப்பு ஆட்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெள்ளம் வடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அதிபர் கூப்பிட்டார். போன வருடம் ஒழுகினது மூட்டால். இந்த முறை சுவரின் வடக்கு மூலையில், கடைசிப் பெனலின் ஓரம் மேலிருந்து வெடித்துப் பெயர்ந்து, விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்து நின்றது. உள்ளே இருக்கிற வெல்டிங் தகடு வெளியே தெரிந்தது, அதில் துரு. மற்ற மூட்டுகளிலும் சீமெந்தின் ஒரு ஓரமாகத் தலைமயிர் அளவில் கோடு, அந்தக் கோட்டாலும் தண்ணீர் கசிந்திருந்தது. எனக்கு உடனே வந்த யோசனை, பெனலே பிழை, வார்த்தவன் கள்ளன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன், அவர் வாயால் அதைக் கேட்க ஆசை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உளியால் ஒரு மூட்டைத் தட்டிப் பார்த்தார், கணீர் என்று கேட்டது. "ஆருகா இவ்வளவு இறுக்கமா அடைச்ச?" என்றார். நல்ல வேலை என்று மெச்சுகிறாரா, திட்டுகிறாரா என்று விளங்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிற ஒரு பெற்றாரும் அங்கே நின்றார், கடற்தொழில் செய்கிறவர், முந்தி மரத்தோணி வைத்திருந்து இப்போது ஃபைபருக்கு மாறினவர். அவர் கிட்ட வந்து மூட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"தம்பி, மரத்தோணியில பலகைக்கும் பலகைக்கும் நடுவுல என்ன வெக்கிற?"

"கலப்பத்துக்குப் பஞ்சுதானே அண்ணன்."

"சீமெந்து வெச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "பலகை ஊறும், காயும். நடுவுல கிடக்கிற சாமானும் அதோட போய்வரணும். இறுக்கி வெச்சா மறுகா பலகைதான் வெடிக்கும்."

"இது மரமில்லையே" என்று மட்டும் சொன்னேன். சொன்னபோதே பிழை விளங்கிவிட்டது. ஏனென்றால் இந்தக் கணக்கை நான் படித்திருக்கிறேன், படவரைஞர் வேலைக்குப் படித்தபோது சோதனையில் எழுதியிருக்கிறேன். கொங்கிறீட் ஒரு பாகை சூடேறினால் ஒரு மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு நீளும். எங்கள் சுவர் 30 மீற்றர். விடியப்புறம் குளிர்ந்து கிடக்கிற கிழக்குச் சுவர் காலை வெயிலில் இருபது பாகை ஏறுவது பெரிய விஷயமில்லை. முப்பதை இருபதால் பெருக்கி நூறால் பிரித்தால் ஆறு மில்லிமீற்றர். இந்த ஆறு மில்லிமீற்றரை 24 மூட்டும் பங்குபோட வேண்டும், ஆளுக்குக் கால் மில்லிமீற்றர். அந்தச் சூயிங்கம் இதற்குத்தான் இருந்தது. பகலில் நசிந்து கொடுக்கும், இரவில் விரிந்து கொடுக்கும். நாங்கள் சீமெந்தால் அடைத்து 25 பெனலையும் ஒரே கல்லாக்கிவிட்டோம். பங்குபோட ஆளில்லாமல் அந்த ஆறு மில்லிமீற்றரும் ஒவ்வொரு நாளும் மூலையில் போய் முட்டியது. பத்து மாதம் முட்டியது. மூலை வெடித்தது.

வேலையைக் கெடுத்தது ரெடிமேட் சுவரும் இல்லை, வெளியூர் ஆட்களும் இல்லை. பேஸ்புக்கில் இன்னும் படம் கிடக்கிறது, கையில் கரண்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறவன் நான்தான்.

வரும்போது மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்த அப்பா சொன்னார், தான் வந்திருந்தாலும் சீமெந்துதான் அடைத்திருப்பாராம். எனக்காகச் சொன்னதா உண்மையா தெரியாது.

வினாகிரி மணம்

சீமெந்தை அடைக்க ஒரு நாள் போதும், அதை எடுக்க மூன்று வார இறுதி. உளி வைத்தால் பெனலின் ஓரம் உதிரும், கிறைண்டரால் நடுவில் கீறிவிட்டு மெல்ல நெம்ப வேண்டும். மூலையில் தெரிந்த தகட்டைக் கம்பித் தூரிகையால் உரஞ்சித் துருத் தடுப்புப் பெயின்ற் அடித்து, பெயர்ந்த இடத்தை அப்பா இருந்து கட்டினார். அந்த ஒரு சாண் இடத்துக்கு அவர் எடுத்த நேரத்தில் ஒரு பெனலை நிப்பாட்டியிருப்பார்கள். கடற்காற்றுக்கு அந்தத் தகடுகள்தான் எனக்கு இப்போதும் பயம். வெளியே தெரிந்த ஒன்றுக்குப் பெயின்ற் அடித்தோம், தெரியாதவை எப்படி இருக்கின்றன என்று சுவரை உடைக்காமல் பார்க்க வழியில்லை.

மூட்டுக்குப் போடுகிற சாமானைத் தேடினது தனிக் கதை. டவுனில் ஹாட்வெயார்க் கடையில் சிலிக்கன் என்று கேட்டால் குளியலறைக்குப் போடுகிறதைத் தருவார்கள். இரண்டு டியூப் வாங்கி அடித்தோம், வினாகிரி மணம் மூக்கைத் துளைத்தது, ஒரு கிழமையில் பாம்புச் சட்டைபோல முழுசாக உரிந்து வந்தது. அந்த வினாகிரி மணத்தில் இருப்பது அமிலம், கொங்கிறீட்டோடு அதற்குச் சரிவராது. மணமில்லாத வகை சிலிக்கன் அல்லது பொலியூரித்தேன் வேண்டும். கல்முனையில் கண்ணாடி வேலை செய்கிற ஒரு காக்காதான் (முஸ்லிம் அண்ணன்) இதைச் சொல்லித் தந்து, தன் ஓடரோடு சேர்த்து எங்களுக்கும் எடுத்துத் தந்தார். முதலில் மூட்டின் அடியில் ஃபோம் கயிறு திணிக்க வேண்டும், சாமான் பின்பக்கம் ஒட்டாமல் இரண்டு கன்னத்திலும் மட்டும் ஒட்டினால்தான் இழுபடும். அகலத்தில் பாதி ஆழம் போதும். 300 மில்லிலீற்றர் டியூப் ஒன்று இரண்டரை மீற்றருக்குத்தான் காணும், ஒரு மூட்டோ மூன்று மீற்றர். காசு சேர்ந்தது 25 டியூபுக்கு. பிள்ளைகளின் கை எட்டுகிற உயரம் வரைக்கும் மூட்டின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு வைத்து, ஒரு பக்கம் மட்டும் திருகாணி போட்டோம். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று இந்தமுறை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

இதற்கிடையில் நான் முன்பு ஆயுதமாகப் பாவித்த ஒரு செய்தியைத் திரும்ப எடுத்துப் படித்தேன். 2023 ஆவணிக் கடைசியில், பள்ளிக்கூடம் திறக்க ஒரு சில நாள் இருக்கும்போது, இங்கிலாந்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். 1950களிலிருந்து கூரைக்கும் சில இடங்களில் சுவருக்கும் போட்ட ஒருவகைக் காற்றடைத்த கொங்கிறீட் பலகை, திடீரென்று விழக்கூடியது. லண்டனில் இருக்கிற மாமி மகள்தான் அனுப்பியிருந்தாள். நான் அதை அப்படியே அதிபருக்கு அனுப்பி "பாருங்க சேர், ரெடிமேட் கொங்கிறீட்டின் நிலைமை" என்று எழுதியிருந்தேன். அது வேறு சாமான், எங்கள் பெனல் வேறு, அது தெரிந்தே அனுப்பினேன். இப்போது படிக்கும்போது என் கண் நின்றது வேறு இடத்தில். எந்தக் கட்டடத்தில் அந்தப் பலகை இருக்கிறது என்பதே பல இடங்களில் தெரியாமல், ஒவ்வொரு கூரையாக ஏறித் தேடியிருக்கிறார்கள். போட்டவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள், எழுதி வைத்தது காணாமல் போய்விட்டது. அதே நாட்டில் 1968 இல் ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிப் பெனல் கட்டடத்தில், பதினெட்டாம் மாடியில் காஸ் வெடித்து ஒரு மூலை முழுக்கச் சரிந்து நாலு பேர் செத்தார்கள். பின்னாளில் அதைப் பிரித்து இறக்கியபோது, சாந்து இருக்க வேண்டிய மூட்டுகளில் செய்தித்தாள் திணித்திருந்தது தெரியவந்ததாம். மேலே பூசி மறைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? எங்கள் சீமெந்தும் பெயின்ற்றுக்குள்தானே இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கட்டடத்தைத் தந்தபோது ஒரு திறப்பு விழாக் கல்லும் ஒரு கோப்பும் தந்தார்கள். கல்லில் பெயர்கள் இருக்கின்றன. கோப்பில், நாங்கள் தேடிப் பார்த்தபோது, அலுமாரிக்கு அடியில் கறையான் தொடங்கியிருந்தது, ஒன்பதாம் பக்கத்தில் மூட்டுக்கு என்ன சாமான், எத்தனை வருடத்துக்கு ஒருதரம் பார்க்க வேண்டும், சீமெந்து போடக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில். சிரமதானத்துக்கு முதல் அதை யாரும் திறக்கவில்லை, நான் உட்பட. இப்போது அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி, பிளாஸ்ரிக் உறை போட்டு, அலுவலகச் சுவரில் நேர அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அதிபர் இந்த வருடம் மாற்றலாகிப் போனார். புது அதிபரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன், தலையாட்டினார்.

அப்பாவின் கேள்வி அப்படியே கிடக்கிறது. ஊர் மேசனுக்கு இதில் என்ன? பெனலை முற்றத்தில் வார்க்கிறதும் கம்பி கட்டுகிறதும் மட்டம் பார்க்கிறதும் எங்கள் ஆட்களுக்குத் தெரியாத வேலை இல்லை. மாவட்டத்துக்குள் ஒரு வார்ப்பு முற்றம் இருந்தால் லொறிச் செலவும் மிச்சம், ஒரு மூட்டு ஒழுகினால் ஆளைக் கூப்பிடவும் முகவரி இருக்கும். நான் சொன்னேன், அப்பா கேட்டுவிட்டு, "மறுகா அதுக்கும் வெளியில இருந்துதான் சுப்பவைசர் வருவான்" என்றார். வரலாம்.

தரம் 4 வகுப்பில் இப்போது சுவர் நீளத்துக்கு ஒரு மரச்சட்டம் இருக்கிறது. டிறில் மெஷின் இரவல் வாங்கி, கம்பிவலையில் படாமல் ஐந்தே ஐந்து ஓட்டை போட்டு, பிளக் வைத்துப் பூட்டினது. சட்டத்தில் எவ்வளவு ஆணியும் அடிக்கலாம். சரஸ்வதிக்கு என்று செய்தது, அங்கே இப்போது தண்ணீர்ப் போத்தல்களும் தொப்பிகளும் ஒரு கடதாசி ஒட்டகமும் தொங்குகின்றன.

கிழக்குச் சுவரின் தெற்குப் பக்கத்தில் மூன்று மூட்டுகள் இன்னும் சீமெந்தோடுதான் இருக்கின்றன. டியூப் 21 மூட்டோடு முடிந்துவிட்டது. இப்போது கச்சான் வீசுகிறது, மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கல்முனைப் பக்கம் போகிறபோதெல்லாம் வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். போன கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனபோது மூன்றாவது மூட்டில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஓரத்தில் கோடு விழத் தொடங்கியிருந்தது.